படகின் அடித்தட்டி

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ் மக்களிடம் படகைப் பற்றிப் பேசப் புகுவது, பாலைநிலத்தாரிடம் மீன் விலை கூறுவதை ஒக்கும் என்று சிலர் நகைக்கக்கூடும். மலைகள் சூழ்ந்த நாடு இது. சுவர்ணமுகியாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பது. மழை நாளில் மட்டுமே ஆறு என்னும் பெயருக்கு உரியதாவது. திருமலைப் புட்கரணியில் பங்குனித் திங்களை ஒட்டி ஐந்து நாள் நடைபெறும் தெப்பத் திருநாளே இப்பகுதியார் பலர் கண்ட ஒரே நீர்ப்பயணம் எனலாம்.

ஆயினும், மலையில் விழும் மழைநீர் மலையிலேயே தங்கிவிடுவதில்லை. கார்வேட்டிநகர மலைகளில் தோன்றும் ஆரணியாறு பிச்சாட்டூரையும் ஊத்துக்கோட்டையையும் பொன்னேரியையும் கடந்து பழவேற்காட்டு ஏரியை அடைகிறது. காளங்கியாறு சூளூர்பேட்டையைத் தொட்டுக்கொண்டு அதே ஏரியில் வந்து கலக்கிறது. சுவர்ணமுகியோ சந்திரகிரி, திருப்பதி, திருக்காளத்தி ஆகிய ஊர்களைக் கண்டு வங்கக் கடலில் புகுகிறது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் திருப்பதி மாவட்டம் புதிதாக அமைந்தபோது சூளூர்பேட்டைப் பகுதியும் அதனுள் வந்தது. ஆகவே, ஏழுமலையின் பெயரால் விளங்கும் மாவட்டம் இன்று கடற்கரையும் உடையது, உப்பங்கழியும் உடையது, படகும் உடையது. 1911இல் சித்தூர் மாவட்டம் தோன்றியதையும், 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்ததையும், 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி தமிழகத்தோடும் சத்தியவேடு ஆந்திரத்தோடும் சேர்ந்ததையும் தம் வீட்டுப் பெரியோர் வாயிலாகக் கேட்டறிந்த நேயர்களுக்கு, எல்லைக்கோடு நகரும்போது ஊர் நகர்வதில்லை என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இப்படகுகளைப் பற்றி எழுதியோர் உண்டு. பாய்மரத்தின் உயரம், துடுப்பின் நீளம், பலகையின் கனம் ஆகியவற்றை அளந்து குறித்தோரும் உண்டு. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது அவற்றினும் எளிய பொருள். படகில் ஏறுவோன் முதலில் கால் வைப்பது எதன் மீது? மூட்டையை இறக்குவோன் அதை எதன் மீது வைக்கிறான்? படகின் வெறும் அடிமரத்தின் மீதன்று. அதற்கும் காலுக்கும் இடையே ஏதேனும் ஒன்று பரப்பப்பட்டிருக்கும். மூங்கில் தட்டி, மெல்லிய சட்டங்களை இடைவெளி விட்டு அறைந்த தட்டு, பாய், சுள்ளிக் கட்டு என இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப அது மாறும். அதன் பெயரும் ஊருக்கு ஊர் மாறும். நாம் எளிமை கருதி 'அடித்தட்டி' என்றே வழங்குவோம்.

அதன் வேலை யாது? படகு எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருப்பினும் அதன் அடியில் சிறிது நீர் தேங்கவே செய்யும். கசிவு நீர் ஒருபுறம், அலை தெறித்து விழும் நீர் ஒருபுறம், மழை ஒருபுறம். அந்நீர் பொருளைத் தொடாமல் தாழ ஓடுவதற்கு இடம் வேண்டும். இறைப்பதற்கு ஓரிடத்தில் வந்து சேரவும் வேண்டும். அடித்தட்டி அந்த இடத்தைத் தருகிறது. மற்றொரு வேலையும் உண்டு. மனிதன் ஒருவன் நிற்கும்போது அவன் எடை முழுவதும் இரண்டு குதிகால்களின் கீழ் இறங்குகிறது. மெல்லிய பலகை அதைத் தாங்காது. தட்டியோ அந்த எடையைப் பல வங்குகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. வங்கு என்பது படகின் விலாவெலும்பு போன்ற குறுக்குச் சட்டம்.

இது சிறு பொருள்தானே என்று எண்ணுவோர்க்கு, நம் கடற்கரையின் வாணிக வரலாற்றையே விடையாகக் கூறலாம். ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் வந்து தங்கினர். 1613இல் அங்கே கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். ஆங்கிலேயர் 1626இல் அதற்கு வடக்கே துர்க்கராயப்பட்டினத்தில் பண்டகசாலை வைத்தனர். அவ்விடத்தை அவர்கள் 'ஆர்மகான்' என்றனர். தமக்கு உதவிய ஆறுமுக முதலியாரின் பெயரே அவ்வாறு திரிந்தது என்பர். தமிழ்ப் பெயர் ஒன்று தெலுங்குக் கரையில் ஆங்கில உருப் பெற்று நிலப்படத்தில் ஏறியதை எண்ணிப் புன்னகை கொள்ளாமல் இருப்பதற்கில்லை. இவ்விரு கூட்டத்தாரும் இங்கே வந்தது பொன்னைத் தேடியன்று, துணியைத் தேடி. உள்நாட்டு நெசவூர்களில் நெய்து, சாயமிட்டு, எழுதுகோலால் பூவும் கொடியும் தீட்டிய துணிகள் கிழக்கே சாவகத் தீவுகளுக்கும் மேற்கே ஐரோப்பாவிற்கும் சென்றன.

துணிமூட்டைக்குக் கடலில் பெரும் பகை உப்புநீர். கரைக்கும் கப்பலுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதே எனினும், அலை மறிந்து விழும் அவ்விடத்தைக் கடக்கும் போதுதான் மூட்டை நனையும். நனைந்த துணி கறை ஏறும், பூஞ்சை பிடிக்கும், விலை போகாது. நெசவாளர் பல நாள் உழைத்த உழைப்பு, படகின் அடியில் தேங்கிய ஒரு முழ ஆழ நீரில் வீணாகலாம். அடித்தட்டி என்பது அன்றைய வாணிகத்தில் எத்தகைய காவலாய் இருந்தது என்பது இதனால் விளங்கும்.

1639இல் சந்திரகிரியை ஆண்ட விசயநகர மரபினர்க்கு அடங்கிய தாமர்ல நாயகரிடம் பிரான்சிஸ் டே என்னும் ஆங்கிலேயர் இசைவு பெற்று, சென்னையில் புதிய குடியிருப்பு அமைக்க வழி செய்தார். நம் திருப்பதிக்கு மிக அருகே உள்ள சந்திரகிரியின் பெயர் சென்னை வரலாற்றின் முதல் ஏட்டிலேயே காணப்படுவது இதனால்தான். ஆனால், டே தேர்ந்த இடத்தில் துறைமுகம் இல்லை. மணற்கரையும் மூன்று வரிசையாக உடைந்து விழும் அலையும் மட்டுமே இருந்தன. அந்த அலையில் ஐரோப்பியக் கப்பற்படகுகள் நொறுங்கின. ஆகவே, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுக் காலம் அந்நகருக்கு வந்த ஆளுநர் முதல் சிப்பாய் வரை அனைவரும் நம் கரையோர மக்களின் தையற்படகில் ஏறியே தரையைத் தொட்டனர்.

அப்படகை ஆங்கிலேயர் 'மசூலா' என்றனர். தமிழர் 'சலங்கு' என்றனர். பிரெஞ்சுக்காரர் அத்தமிழ்ச் சொல்லையே 'செலங்' எனத் தம் மொழியில் எடுத்துக்கொண்டனர். அதன் அமைப்பு வியப்பிற்குரியது. அதில் ஆணி இல்லை, வங்கும் இல்லை. அகன்ற மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, ஓரங்களில் துளையிட்டு, மூட்டுவாயில் நாரை வைத்து, தென்னங்கயிற்றால் தைத்துவிடுவர். 1673இல் சென்னைக்கு வந்த ஜான் பிரையர் என்னும் ஆங்கில மருத்துவர் இத்தகைய படகில்தான் கரையேறினார். பத்துப் பேர் துடுப்பு வலித்ததையும், அவருள் பின்னின்ற இருவர் துடுப்பையே சுக்கானாகக் கொண்டதையும் அவர் எழுதிவைத்தார். வளைந்து கொடுப்பதே அப்படகின் வலிமை என்பதையும், வளையாத படகெல்லாம் அம்மணல்மேட்டில் மோதி உடையும் என்பதையும் முதல் நாளிலேயே அவர் உணர்ந்துகொண்டார்.

இத்தையற்படகின் உட்புறத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். தைத்த கயிறும் அதன் கீழ் வைத்த நாரும் மூட்டுவாய்தோறும் புடைத்துக்கொண்டு நிற்கும். அதன் மீது நேரே காலை வைத்து மிதித்தால் கயிறு தேயும். பெட்டியை இழுத்தால் தையல் அறும். ஒரு தையல் அறுந்தால் அடுத்ததும் தளரும். வங்கு உடைய படகில் அடித்தட்டியை வங்கின் மேல் ஏற்றலாம். இங்கே வங்கே இல்லை. ஆகவே, சட்டமிட்ட தட்டியும் இதற்குப் பொருந்தாது. விறைப்பான தட்டி ஒன்றை உள்ளே இறுக்கினால் படகு வளைய மாட்டாது, வளையாவிடில் உடையும். எனவே சுள்ளியையும் தழையையும் அடியில் பரப்பினர். அது படகோடு சேர்ந்து நெளியும், இடையே நீர் ஓடும், தையலும் காக்கப்படும், கெட்டுப்போனால் வாரி எறிந்துவிட்டுப் புதியதைப் பரப்பலாம். விலையோ ஒன்றுமில்லை. எளிமையான தீர்வு என்று இதை இகழ்வோர், இதனினும் சிறந்தது ஒன்றை அப்படகிற்குச் செய்து காட்டட்டும்.

1830ஐ ஒட்டி நம் கரைக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் எதுமோன் பாரி என்பவர், ஐரோப்பியர் அல்லாத மக்களின் படகுகளை ஊர்தோறும் அளந்து வரைந்தார். 1840களின் தொடக்கத்தில் அவர் நூல் வெளிவந்தது. சலங்கும் கட்டுமரமும் அதில் உண்டு. அவரது வேலையைப் போன்றதொன்றை நம் நாட்டில் விரிவாகச் செய்தவர், சென்னை மாகாண மீன்துறையில் பணிபுரிந்த ஜேம்ஸ் ஹார்னெல். அவர் இந்தியப் படகு அமைப்புகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்தாளப்படுகிறது. இவர்கள் இல்லையேல் நாம் அறியாமற் போயிருக்கும் செய்திகள் பல.

சென்னைத் துறைமுகத்திற்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டது; 1881ஆம் ஆண்டுப் புயல் கட்டிய சுவரைத் தகர்த்தது; 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மீண்டும் கட்டி முடித்தனர். அதன்பின் சலங்கு பயணியரை ஏற்றும் வேலையை இழந்து, வலை வளைக்கும் வேலைக்குத் திரும்பியது.

இனி, அலையில்லாத நீருக்கு வருவோம். 1806இல் பேசில் காக்ரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு உப்புக் கால்வாய் ஒன்று வெட்டத் தொடங்கினார். அது பழவேற்காட்டு ஏரிக்கும், பின் துர்க்கராயப்பட்டினத்திற்கும், இறுதியில் கிருட்டிணை ஆற்றுக் கால்வாய்கள் வரைக்கும் நீண்டது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தில், கூலிக்கு வந்த ஏழை மக்களைக் கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினர். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. மண் சுமந்தோரின் பெயர் எங்கும் நிலைக்கவில்லை.

இக்கால்வாயில் பெரிய மரப்படகுகள் இயங்கின. காற்று இருந்தால் பாய் விரிப்பர். இல்லையேல் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பர். ஆழம் குறைந்த ஏரியில் கழியால் தள்ளுவர். ஸ்ரீஹரிக்கோட்டைக் காட்டு விறகும், பழவேற்காட்டுச் சுண்ணாம்புக் கிளிஞ்சலும், உப்பும், நெல்லும் இவற்றில் சென்னைக்குச் சென்றன. ஒவ்வொரு சரக்கிற்கும் படகின் அடியில் வேண்டுவது வேறு. விறகு நனைந்தாலும் காயும். கிளிஞ்சலுக்கு நீரால் கேடில்லை. ஆனால் அதன் கூரிய விளிம்பு பலகையை அராவும். நெல்லோ ஒரு துளி நீரையும் பொறாது. ஒரே படகு ஒரு முறை கிளிஞ்சலும் மறுமுறை நெல்லும் ஏற்றுவதாயின், அடியில் பரப்புவதும் எடுத்து மாற்றத்தக்கதாய் இருத்தல் வேண்டும். அடித்தட்டி படகோடு சேர்த்து அறையப்படாமல் தனியே கிடப்பதன் காரணம் இதுதான். அது தொலைந்துபோவதன் காரணமும் இதுவே!

ஆம், பழைய படகு ஒன்றில் முதலில் மறைவது அடித்தட்டியே. படகு கரையேறிக் கிடந்தால் தட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கோழிக்கூண்டிற்கு மறைப்பாக வைப்பார்கள், அடுப்பிற்கும் இடுவார்கள். அருங்காட்சியகத்திற்குப் படகு வந்து சேரும்போது அடிமரம் மட்டுமே வரும். பார்ப்போர் அந்த வெறுமையையே உண்மை என்று கொள்வர்.

இவ்விழப்பை ஈடு செய்யும் கலையில் இன்று தேர்ந்திருப்போர் வட அமெரிக்க நாட்டார். அங்கே பழங்குடியினரின் சிறு படகிற்குக் 'கனூ' என்று பெயர். அச்சொல்லே மேற்கிந்தியத் தீவுகளின் பழங்குடி மொழியிலிருந்து கொலம்பசின் கூட்டத்தார் வாயிலாக ஐரோப்பாவிற்குச் சென்றதாகும். நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கட்டமரன்' ஆனதைப் போன்றதே இதுவும். வடபகுதிப் பழங்குடியினர் பூர்ச்ச மரப் பட்டையை வெளித்தோலாகவும், தேவதாரு இனத்து மென்மரச் சீவல்களை உட்பரப்பாகவும், வளைத்த மெல்லிய சட்டங்களை வங்காகவும் கொண்டு கனூ செய்தனர். தோல் மயிர் வாணிகம் ஓங்கிய நாளில், ஏறத்தாழ 36 அடி நீளமுள்ள பட்டைக் கனூக்களில் 90 இராத்தல் எடையுள்ள கட்டுகளை ஏற்றினர். கட்டுகளை அப்படியே வைத்தால் பட்டை கிழியும். ஆகவே நீண்ட கழிகள் சிலவற்றைப் படகின் நீளவாக்கில் பரப்பி, அவற்றின் மேல் சரக்கை அடுக்கினர். சென்னைக் கரையில் சுள்ளி. கனடா நாட்டு ஆற்றில் கழி. ஒருவரை ஒருவர் அறியாத இரு மக்கள், ஒரே இடர்ப்பாட்டிற்குக் கிட்டத்தட்ட ஒரே விடையைக் கண்டனர்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெயின் மாநிலத்துத் தச்சர்கள் பட்டைக்கு மாற்றாகக் கித்தான் துணியை இழுத்துப் போர்த்திக் கனூ செய்தனர். 20ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது 'ஓல்டு டவுன்' போன்ற தொழிற்சாலைகள் இவற்றை மிகுதியாகச் செய்து விற்றன. வாங்கியோர் வேட்டைக்காரரும் விடுமுறைச் செல்வருமாவர். பழங்குடியினர் மென்தோற் காலணியோடு மண்டியிட்டு வலித்தனர். புதியோரோ குதியுயர்ந்த காலணியோடு ஏறினர். மெல்லிய வங்குகள் அதைத் தாங்குமா? ஆகவே, நீளவாக்கில் மெல்லிய சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கி, குறுக்குச் சட்டங்களில் அறைந்து, எடுத்து வைக்கத்தக்க தட்டியாக்கி, வேண்டுவோர்க்கு அதைத் தனி விலைக்குக் கொடுத்தனர். அவற்றைச் சிறு கொக்கிகளாலும் தாழ்களாலும் வங்கோடு நிறுத்தினர்.

அந்தக் கனூக்கள் இன்று நூறாண்டு கடந்த பழம்பொருள்கள். அவற்றைச் சீர் செய்வோர் காணாமற்போன தட்டியை எவ்வாறு மீட்கின்றனர் என்பதை நாம் சற்று விரிவாகக் காண்பது தகும். அம்முறை நம் படகிற்கும் பொருந்துவதாதலின்.

முதல் வேலை, உளியை எடுப்பதன்று, விளக்கை எடுப்பது. படகின் உட்புறத்தைக் கழுவி உலர்த்தியபின் சாய்ந்த வெளிச்சத்தில் வங்கு வங்காக நோக்குவர். தட்டி கிடந்த இடத்தில் வெயில் படாதிருந்தமையால் மெருகெண்ணெயின் நிறம் மாறாதிருக்கும். சட்டங்களின் இடைவெளியில் அது கறுத்திருக்கும். அந்த நிழலே தட்டியின் அகலத்தையும் நீளத்தையும், சட்டங்களின் எண்ணிக்கையையும் சொல்லிவிடும். கொக்கி இருந்த இடத்தில் திருகாணித் துளை இருக்கும். துளைகள் நான்கோ ஆறோ, அவை வங்கின் நடுவிலா ஓரத்திலா என்பதைக் கொண்டு எந்தத் தொழிற்சாலையின் பழக்கம் என்று அறியலாம். தட்டியின் முனை உரசிய இடத்தில் சிறு பள்ளம் இருக்கும். வங்குகளில் தேய்மானமே காணப்படாத கனூவில் தட்டி எப்போதும் இருந்திருக்கலாம். குதிகால் பட்டு உடைந்த வங்குகள் மலிந்த கனூவில் அது இல்லாமலே இருந்திருக்கவும் கூடும். இல்லாததைப் 'பழமை' என்ற பெயரால் புதிதாகச் சேர்ப்பது பொய்ச்சான்று புனைவதாகும்.

இரண்டாவது, ஏடு. ஓல்டு டவுன் கனூக்களின் முனைக்கட்டையில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணுக்கு உரிய பழைய தொழிற்சாலைக் குறிப்பைத் தேடியெடுத்தால், அப்படகின் நீளம், மரம், நிறம், உடன் சென்ற உறுப்புகள், அனுப்பிய நாள் ஆகியவை தெரியவரும். ஒரு தொழிற்சாலை தன் பழங்கணக்கை எரிக்காமல் வைத்திருந்ததால் விளைந்த நன்மை இது. நம் படகுகளுக்கு எண்ணும் இல்லை, ஏடும் இல்லை. ஆனால் நிழலும் துளையும் உண்டு.

அடுத்து, மரம் தேர்தல். மூலத்தில் என்ன மரமோ அதே இனத்து மரமே வேண்டும். வலிமை மிகட்டும் என்று கன மரத்தை இட்டால் படகின் எடை கூடும். அதன் நடை கெடும். சட்டங்கள் நடுவில் அகன்று இரு முனைகளை நோக்கி ஒடுங்கும் படகின் வடிவைத் தழுவ வேண்டும். பழைய சட்டம் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் அதை அளவுகோலாகக் கொண்டு மற்றவற்றைச் சீவுவர். அந்தப் பழஞ்சட்டத்தையும் எறிந்துவிடாமல் புதியவற்றோடு சேர்த்தே அறைவர். இரும்புத் திருகாணி துருவேறி மரத்தைக் கறுக்கச் செய்யுமாதலின் பித்தளையைக் கொள்வர். பழைய துளையிலேயே புதிய திருகாணியை இடுவர். துளை தளர்ந்திருந்தால் மரமுளை இட்டு அடைத்து மீண்டும் துளைப்பர். எக்காரணம் பற்றியும் தட்டியைப் பசையிட்டு ஒட்டுவதில்லை. தட்டியின் கீழ் மணல் புகும், ஈரமும் தங்கும். மாதம் ஒரு முறையேனும் எடுத்துக் கழுவாவிடில் அந்த மணலே அரம்போல் வங்கைத் தின்றுவிடும். காப்பதற்கு வைத்த பொருளே கெடுப்பதாகிவிடும்.

இங்கே ஒரு வினா எழும். புதிதாகச் செய்த சட்டத்தைப் பழையது போல் தோன்றச் சாயம் பூசலாமா? கட்டடங்களைக் காப்பது பற்றி 1964இல் வெனிசு நகரில் கூடிய அறிஞர்கள், புதிய பகுதி பழையதோடு இசைந்து நிற்க வேண்டும், ஆயினும் பழையதினின்றும் பிரித்தறியத் தக்கதாயும் இருக்க வேண்டும் என்று வகுத்தனர். கோயில்களுக்குச் சொன்ன அந்நெறி படகிற்கும் நன்றே பொருந்தும் என்பது நம் கருத்து. மேற்பரப்பில் நிறம் ஒத்திருக்கட்டும். அடிப்புறத்தில் செய்த ஆண்டைச் செதுக்கி வைக்கட்டும். இரண்டு தச்சர்கள் இதில் ஒருமிக்க உடன்படுவது அரிது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

எட்வின் டாப்பன் ஆட்னி என்பவரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். 1868இல் பிறந்து 1950இல் மறைந்த அவர், பட்டைக் கனூ கட்டும் முறை அழிவதற்குள் பழங்குடிக் கைவினைஞரிடமே இருந்து கற்று, ஐந்தில் ஒரு பங்கு அளவில் நூற்றுக்கு மேற்பட்ட மாதிரிகளைச் செய்தார். அவர் திரட்டிய குறிப்புகளை ஹோவர்டு சாப்பல் என்பவர் ஒழுங்குபடுத்த, அந்நூல் 1964இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. ஆட்னி படகின் வெளியுருவத்தை மட்டும் வரையவில்லை. உள்ளே உள்ள சீவல், ஆப்பு, முடிச்சு யாவற்றையும் குறித்தார். மறந்துபோன கலையைப் பின்னாளில் பழங்குடி இளைஞர்களே மீண்டும் கற்பதற்கு அது துணையாயிற்று.

நம் பக்கத்தில் அண்மையில் நேர்ந்ததைப் பார்ப்போம். கேரளத்துக் கெட்டுவள்ளம் கயிற்றால் தைத்த பெரும் சரக்குப் படகு, நெல் ஏற்றியது. சாலைகளும் பேருந்துகளும் வந்தபின் வேலையிழந்து கிடந்த அவ்வள்ளங்களை, 1990களில் தொடங்கிச் சுற்றுலா வீடுகளாக்கினர். தையற்கலை பிழைத்தது, தச்சர்க்கு ஊதியம் கிடைத்தது, நாம் அதைக் குறை கூறோம். ஆயினும் நெல்மூட்டை கிடந்த அடிப்பரப்பின் மேல் பலகைத் தளம் அமைந்தது. அதன் மேல் கட்டிலும் குளியலறையும் வந்தன. வெளியே நிற்போர்க்கு அது பழைய வள்ளம். உள்ளே செல்வோர்க்கு அது விடுதி.

பழவேற்காட்டில் நேர்ந்தது வேறு. 1960களிலும் 1976இலும் வீசிய புயல்கள் பக்கிங்காம் கால்வாயைத் தூர்த்தன. சரக்குப் படகுகள் ஓய்ந்தன. ஸ்ரீஹரிக்கோட்டையில் விண்வெளி ஏவுதளம் அமைய, 1971 முதல் அங்கிருந்து ஏவூர்திகள் எழுந்தன. விறகுப் படகுகளின் துறையும் அத்தோடு முடிந்தது. 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலைக்குப்பின் நம் கரை நெடுகிலும் இழந்த மரப்படகுகளுக்கு ஈடாகக் கண்ணாடி இழைப் படகுகளே பெரும்பாலும் வழங்கப்பட்டன. அவை இலேசானவை, கசியாதவை, ஆண்டுதோறும் எண்ணெய் பூச வேண்டாதவை. மீனவர் அவற்றை விரும்புவது இயல்பே. மரப்படகையே வைத்திரு என்று கரையில் நின்று அறிவுரை கூற நமக்கு உரிமையில்லை. பக்கிங்காம் கால்வாய் 2008இல் தேசிய நீர்வழிகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது எனினும், பழைய மரப்படகுகளைத் திருப்பித் தரும் ஆற்றல் எந்த அறிவிப்பிற்கும் இல்லை.

படகோடு சொற்களும் போகின்றன. அம்பி, பஃறி, திமில், புணை, தோணி, நாவாய், வங்கம் என்று பழந்தமிழர் நீர்க்கலங்களை வகைவகையாகப் பெயரிட்டு வழங்கினர். அவற்றுள் தோணி மட்டுமே இன்றும் பலர் நாவில் உள்ளது. அணியம் என்றால் படகின் முன்பக்கம் என்பதும், ஏரா என்றால் அதன் அடிக்கட்டை என்பதும் கடற்கரைத் தமிழர்க்கே தெரியும். அவர் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்பது ஐயம். தெலுங்கர் 'படவ' என்பதும் நாம் 'படகு' என்பதும் உறவுச் சொற்கள். இரு மொழியும் கலந்து வழங்கும் ஏரிக்கரையில் ஒரே உறுப்பிற்கு இரு பெயர் இருக்கும். இரண்டையும் எழுதி வைக்கத் தக்கவர், இரு மொழியிலும் பழகிய சித்தூர், திருப்பதித் தமிழரையன்றி வேறு யாவர்?

சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டைக்குச் செல்லும் சாலை ஏரியை ஊடறுத்துச் செல்கிறது. பனிக்காலத்தில் பூநாரைகளைக் காண்பதற்கென்று திருப்பதியிலிருந்து குடும்பத்தோடு செல்வோர் பலர். கோடை முதிர்ந்து நீர் விலகும்போது, சேற்றுக் கரையில் பழைய மரப்படகு ஏதேனும் கவிழ்த்தோ நிமிர்த்தோ கிடக்கக் காணலாம். அவ்வாறு காண்போர் படகிற்கு உரியவரிடம் இசைவு பெற்று உள்ளே குனிந்து நோக்குவாராக. வங்கின் மேல் வரிவரியாய் வெளிறிய கோடுகள் உண்டா? எத்தனை விரல் இடைவெளி? துளைகள் உண்டா? அவற்றில் கயிறு ஓடிய தேய்மானம் காணப்படுகிறதா, ஆணி இருந்த துருக்கறை காணப்படுகிறதா? மூங்கிலா, பனஞ்சட்டமா, பலகையா, வெறும் பாயா எது கிடந்தது என்று அருகில் இருக்கும் முதியவரை வினவி, அவர் அதற்குச் சொல்லும் பெயரைத் தமிழாயினும் தெலுங்காயினும் அவர் ஒலித்தவாறே குறித்துக்கொள்க. ஒரு முழக்கோலும் ஒரு பென்சிலும் இதற்குப் போதும். மழை தொடங்கி ஆரணியும் காளங்கியும் ஏரியில் புதுநீர் கொணர்வதற்கு முன் சென்றால், படகு தரையில் கிடக்கும்போதே அளந்துவிடலாம்.